அமைத்த எண் ஒன்று, வகுத்து வருவது வேறொன்று: ப்ரோக்ராமபிள் டிவைடரில் பிழை தேடுவது எப்படி?

ப்ரோக்ராமபிள் டிவைடர் என்பது உள்ளே வரும் கிளாக் துடிப்புகளை நாம் அமைக்கும் எண்ணால் வகுத்து, குறைந்த அதிர்வெண்ணாக வெளியே தரும் சர்க்யூட். அது தவறாக வகுக்கும்போது பலரும் முதலில் செய்வது, சரியான அதிர்வெண் வரும்வரை அமைத்த எண்ணை ஏற்றி இறக்கிப் பார்ப்பது. 100 வைத்தால் 101 வருகிறதா? 99 வைத்துவிடு, வேலை முடிந்தது. சில சமயம் அதுவே சரியான தீர்வுதான். பல சமயம் அந்த 99 உண்மையான பழுதை மூடி மறைத்துவிடும். வேறொரு எண்ணுக்கு மாற்றும்போது அது மறுபடி தலைகாட்டும்.

இதைவிட நல்ல வழி, வெவ்வேறு இரண்டு எண்களை அமைத்து, இரண்டுக்கும் உண்மையில் என்ன வகுஎண் கிடைக்கிறது என்று அளப்பது. ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. இரண்டு அளவுகளிலும் வித்தியாசம் ஒன்றாகவே இருக்கிறதா, இரண்டும் இரட்டிப்பாகிறதா, ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறதா என்று பார்த்தால், பழுது எந்தக் கம்பியில் என்பது கிட்டத்தட்ட தெரிந்துவிடும்.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

உள்ளே போகும் கிளாக்கையும் வெளியே வருவதையும் ஒரே மீட்டரில் அளந்து, உள்ளே போவதை வெளியே வருவதால் வகுத்துக்கொள்ளுங்கள்; அதுதான் வகுஎண். கிரிஸ்டல் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஃப்ரீக்வென்சி மீட்டரில் இரண்டு சானல்களின் விகிதத்தைக் காட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. கிளாக் கொஞ்சம் நகர்ந்தாலும் விடை மாறாது. ஸ்கோப் மட்டும்தான் இருக்கிறது என்றால், வெளியீட்டில் ட்ரிகர் வைத்து, இரண்டு வெளியீட்டுத் துடிப்புகளுக்கு நடுவே எத்தனை கிளாக் என்று எண்ணலாம். முப்பதுக்கு மேல் போனால் கண் வலிக்கும், அவ்வளவுதான்.

எந்த எண்களை அமைப்பது? 8 பிட் டிவைடருக்கு 37, 74 என்ற ஜோடியைப் பரிந்துரைப்பேன். பைனரியில் இவை 00100101, 01001010. பிட் வரிசை தலைகீழானாலும், 0-வும் 1-ம் இடம் மாறினாலும், பைனரிக்குப் பதில் பிசிடி (ஒவ்வொரு தசம இலக்கத்துக்கும் தனி 4 பிட்) என்று எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை வரும். 4 பிட் என்றால் 11 நல்ல எண். 12-ஐத் தவிர்க்க வேண்டும்: 1100-ஐத் தலைகீழாக வாசித்தாலும் 0011, எல்லா பிட்டையும் மாற்றிப் போட்டாலும் 0011. இரண்டு பழுதுக்கும் ஒரே அறிகுறி வந்தால் எதைத் தேடுவது?

வெளியீடே இல்லை

முதலில் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். பெரும்பாலான டிவைடர்களின் வெளியீடு ஒரு கிளாக் அகலத் துடிப்புதான். 1000-ஆல் வகுத்தால் மொத்த நேரத்தில் 0.1 சதவீதம் மட்டுமே அது உயர்ந்திருக்கும். எல்இடி கண்ணுக்குத் தெரியும்படி ஒளிராது, மல்டிமீட்டர் கவனிக்காது, ஸ்கோப்பின் ஆட்டோ ட்ரிகர் நேர்கோடு ஒன்றைக் காட்டிவிட்டுப் போகும். ட்ரிகரை நார்மலுக்கு மாற்றினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நிஜமாகவே இல்லை என்றால், ரீசெட், எனேபிள் பின்களை மீட்டரால் அளந்து பாருங்கள். அப்புறம், அமைத்த எண்ணைக் கவுன்டருக்குள் ஏற்றும் லோட் பின்னின் திசை: உயர்ந்தால் வேலை செய்யுமா, தாழ்ந்தாலா? மேல்நோக்கி எண்ணும் 4 பிட் கவுன்டரான 74எச்சி163-இல் எண்ணி முடித்ததைச் சொல்லும் டிசி பின் முடியும்போது உயரும். லோட் பின்னோ தாழ்ந்தால்தான் வேலை செய்யும். நடுவே ஒரு இன்வெர்ட்டர் கட்டாயம். அதை விட்டுவிட்டு நேராக இணைத்தால் லோட் பின் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். ஒவ்வொரு கிளாக்கிலும் அதே எண் திரும்பத் திரும்ப லோட் ஆகும், கவுன்டர் நகரவே நகராது. கீழ்நோக்கி எண்ணும் 8 பிட் கவுன்டரான 74எச்சி40103-இல் டிசி பின்னே தாழும் வகை என்பதால் அதில் நேர் இணைப்பு சரி. ஒரு ஐசியின் படத்தைப் பார்த்து இன்னொன்றுக்கு வயரிங் செய்தால் சறுக்கும் இடம் இதுதான்.

அமைத்த எண் எல்லையில் இருந்தாலும் வெளியீடு நின்றுபோகும். 40103-இல் 0 வைத்தால் டிசி தாழ்ந்தபடியே நிற்கும். இரண்டு 163 சேர்ந்த 8 பிட் டிவைடரில் 255 வைத்தால் டிசி உயர்ந்தபடியே நிற்கும். சிடி4059 டிவைடர் ஐசியின் எல்லை 3 முதல் 15,999 வரை. 1, 2 அதற்குக் கிடையாது.

எந்த எண் வைத்தாலும் 16, அல்லது 256

லோட் நடக்கவே இல்லை, கவுன்டர் தன் முழுச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. லோட் பின்னுக்குப் போகும் தடம் அறுந்திருக்கலாம், அல்லது அந்தப் பின் சப்ளையோடு ஒட்டியிருக்கலாம். கீழ்நோக்கி எண்ணும் 4 பிட் சிடி4526-இல் இன்னொரு காரணமும் உண்டு. அதன் பூஜ்ய வெளியீடு உயர வேண்டுமென்றால் கவுன்டர் பூஜ்யத்துக்கு வந்தால் மட்டும் போதாது. கேஸ்கேட் ஃபீட்பேக் பின்னும் உயர்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஐசியைப் பயன்படுத்தும்போது அந்தப் பின்னைக் கிரவுண்டில் போட்டுவிட்டால் பூஜ்ய வெளியீடு உயரவே உயராது, லோடும் நடக்காது; கவுன்டரின் கடைசி பிட்டில் அளந்தால் 16-தான் வரும்.

37-க்கு 38, 74-க்கு 75

எல்லாவற்றிலும் அதிகம் பார்க்கும் அறிகுறி இது. கவுன்டர் பழுதில்லை. பூஜ்யத்தையும் ஒரு எண்ணிக்கையாகச் சேர்த்துக்கொள்கிறது. 40103-இன் டிசியை, கிளாக்கோடு சேர்ந்து வேலை செய்யும் லோட் பின்னுக்குக் கொடுத்தால் 37, 36 என்று இறங்கி 0 வரை வந்து, 0-வில் ஒரு முழு கிளாக் நின்று, அடுத்த கிளாக்கில்தான் மறுபடி 37 லோட் ஆகும். மொத்தம் 38 நிலைகள். அதே டிசியைக் கிளாக்குக்குக் காத்திராத லோட் பின்னுக்குக் கொடுத்தால் 0 வந்த கணமே 37 ஆகிவிடும், வகுஎண் 37. ஒரே ஐசி, ஒரே எண், வயர் போகும் பின் மட்டும் வேறு.

இங்கே 36 வைத்துக்கொள்வதுதான் நல்ல தீர்வு. சரியான எண் வர வேண்டும் என்று காத்திராத பின்னுக்கு வயரை மாற்றினால் வேறு தொல்லை வரும். அதைக் கீழே பார்ப்போம்.

பழுது பார்த்த பிறகு ஒன்று கூடியிருக்கிறதா? ஐசியின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 161-க்கும் 163-க்கும் பின் அமைப்பு ஒன்றே, கிளியர் பின் மட்டும் வேறு மாதிரி வேலை செய்யும். 161-இல் கிளியர் உடனே நடக்கும், 163-இல் அடுத்த கிளாக்கில் நடக்கும். 10 வந்ததும் கிளியர் செய்யும்படி கேட் போட்ட போர்டில் 161 இருந்தால் 10-ஆல் வகுக்கும், 163-ஐ மாட்டினால் 11.

37-க்கு 219, 74-க்கு 182

அமைத்த எண் ஏறினால் வகுஎண் இறங்குகிறது. இரண்டையும் கூட்டினால் இரண்டு தடவையும் 256. மேல்நோக்கி எண்ணும் கவுன்டரில் நேராக எண்ணை வைத்திருக்கிறீர்கள். இரண்டு 163 சேர்ந்தது 37-இலிருந்து 255 வரை எண்ணும், ஆக 219 நிலைகள். 37-ஆல் வகுக்க வேண்டுமானால் 256-இலிருந்து 37-ஐக் கழித்து 219-ஐ வைக்க வேண்டும்.

கீழ்நோக்கி எண்ணும் 40103-இலேயே 219, 182 வந்தால் என்ன அர்த்தம்? டிப் சுவிட்சுகளைப் பாருங்கள். புல்-அப் (பின்னைச் சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்) போட்டு, சுவிட்ச் மூடினால் கிரவுண்ட் ஆகும்படி கட்டியிருந்தால், ஆன் என்று நீங்கள் நினைப்பது 0. அதாவது 37 என்று வைத்தது உள்ளே 218 ஆகப் போகிறது. ஐசி தன் வழக்கப்படி ஒன்றைக் கூட்டி 219 ஆக்குகிறது. இந்தத் தலைகீழ் சுவிட்சுகளையே 163-க்குக் கொடுத்தால் வேடிக்கையாக இருக்கும்: 37 உள்ளே 218 ஆகும், 256-இலிருந்து 218 போனால் 38. கழித்தல் கணக்கே தேவையில்லாமல் கிட்டத்தட்ட நேர் எண் கிடைத்துவிடுகிறது. பழைய போர்டுகளில் சுவிட்சுகள் தலைகீழாக இருப்பதைப் பார்த்து யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று மாற்றப் போகாதீர்கள். வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம்.

எப்போதும் சரியாக 15 குறைகிறது

இரண்டு 163-ஐத் தொடராக இணைத்ததில் வரும் தனி அறிகுறி இது. 163-க்கு இரண்டு எனேபிள் பின்கள்: சிஇபி, சிஇடி. இரண்டும் எண்ணுவதை நிறுத்தும். ஆனால் டிசி வெளியீட்டையும் கட்டுப்படுத்துவது சிஇடி மட்டும்தான். முதல் ஐசியின் டிசியை இரண்டாவதின் சிஇடிக்குக் கொடுத்தால், கீழ் 4 பிட், மேல் 4 பிட் இரண்டுமே தனித்தனியாக 15 ஆக இருக்கும்போது மட்டுமே இரண்டாவதின் டிசி உயரும். சிஇபிக்குக் கொடுத்து, சிஇடியைச் சப்ளையில் கட்டிவிட்டால் எண்ணுவது சரியாகவே நடக்கும், ஆனால் மேல் 4 பிட் 15 ஆனவுடனேயே, அதாவது 255-க்குக் காத்திராமல் 240-லேயே டிசி உயர்ந்து லோட் நடந்துவிடும். 219 வர வேண்டிய இடத்தில் 204. ஒரு வயரை மாற்றினால் போதும்.

37-க்கு 74, 74-க்கு 148

வெளியீட்டில் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் இருக்கிறது. மெல்லிய துடிப்பைச் சம அகலச் சதுர அலையாக்கப் போட்டிருப்பார்கள். அது இன்னொரு 2-ஆல் வகுக்கும். இரட்டை எண்களுக்கு அமைத்த எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளலாம். ஒற்றை எண்ணும் வேண்டும், சம அகலமும் வேண்டும் என்றால் இந்த ஏற்பாடு உதவாது. 8254 டைமரின் மோட் 3 ஒற்றை எண்ணுக்கு ஒரு பாதியை ஒரு கிளாக் நீட்டிச் சமாளிக்கிறது: 37 வைத்தால் 19 கிளாக் உயர்ந்தும் 18 கிளாக் தாழ்ந்தும் இருக்கும்.

55, 116 அல்லது 164, 82

முதல் ஜோடி, பிசிடி சுவிட்சைப் பைனரி ஐசிக்குக் கொடுத்ததன் விளைவு. தம்வீல் சுவிட்சில் 37 என்றால் 0011 0111; அதைப் பைனரியாக வாசித்தால் 55. 40102 பிசிடி, 40103 பைனரி, பின் அமைப்பு ஒன்றே. எனவே மாற்றி மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 1 முதல் 9 வரை சோதித்துவிட்டுச் சரி என்று போனவர்களுக்கு இது தெரியவே தெரியாது. இரண்டாவது ஜோடி பிட் வரிசை தலைகீழ். ரிப்பன் கேபிளைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். ஐசி தன் பங்குக்கு ஒன்று கூட்டுமானால் எல்லாவற்றிலும் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு எண்ணுக்குச் சரி, இன்னொன்றுக்குத் தவறு

வித்தியாசம் 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்காக இருந்தால் அந்த மதிப்புள்ள பிட் ஒரே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் 37, 74 ஜோடியின் பயன் தெரியும். ஒன்றில் 1 ஆக இருக்கும் பிட் மற்றதில் 0. எட்டின் பிட் உயர்ந்தே நின்றால் 37-க்கு 45 வரும், 74 சரியாக வரும். தாழ்ந்தே நின்றால் 37 சரி, 74-க்கு 66. இந்த ஜோடியில் 16-இன் பிட்டும் 128-இன் பிட்டும் இரண்டிலும் 0 தான். அவற்றுக்காக 144 என்று மூன்றாவதாக ஒரு எண்ணையும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மாட்டிக்கொள்ளாமல், நினைத்தபோது மாறுகிறது, கையைக் கொண்டுபோனால் வகுஎண் தாவுகிறது என்றால் ஏதோ ஒரு பின் மிதக்கிறது. பழைய எல்எஸ் வகை ஐசிகளில் இணைக்காமல் விட்ட பின் 1 போலவே நடந்துகொள்ளும்; புல்-அப் இல்லாமலேயே சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் எச்சி வகையை மாட்டினால் அந்தப் பின் எந்த நிலையிலும் நிலைக்காது. 10 கிலோ ஓம் புல்-அப் போதும். மறுபக்கமும் உண்டு: எல்எஸ் பின்னை 10 கிலோ ஓம் புல்-டவுனால் தாழ்த்த முடியாது. அந்தப் பின்னிலிருந்து வெளியேறும் 0.4 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டம் அந்த ரெசிஸ்டரில் வோல்டேஜை ஏற்றிவிடும். மைக்ரோகன்ட்ரோலர் 3.3 வோல்ட்டில் ஓடி, 5 வோல்ட் எச்சி டிவைடருக்குப் பிட்களைக் கொடுத்தாலும் இதே கதை. எச்சி உத்தரவாதமாக 1 என்று ஏற்க சுமார் 3.5 வோல்ட் வேண்டும். எச்சிடி வகைக்கு 2 வோல்ட் போதும், அதை மாட்டுங்கள்.

எண் சரி, ஆனால் அவ்வப்போது தவறுகிறது

கிளாக் வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் பிரச்சினை நேரம் போதாமை. டேட்டாஷீட் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் சும்மா எண்ணுவதற்கான வேகம். டிவைடராக ஓடும்போது ஒரே கிளாக்குக்குள் டிசி வெளிவர வேண்டும், இன்வெர்ட்டரைத் தாண்ட வேண்டும், அடுத்த கிளாக்குக்கு முன்பே லோட் பின்னில் நிலைத்திருக்க வேண்டும். இந்த மூன்று தாமதங்களையும் கூட்டித் தலைகீழாக்கினால் வருவதுதான் உண்மையான எல்லை. ஐசிகளைத் தொடராக அடுக்க அடுக்க அது இன்னும் இறங்கும். சிடி4000 குடும்ப ஐசிகள் 5 வோல்ட்டில் சில மெகாஹெர்ட்ஸோடு மூச்சு வாங்கும். 10 வோல்ட்டில் வேகம் கூடும்.

கிளாக்கைக் குறைத்தால் சரியாகாமல் இன்னும் மோசமாகிறதா? அப்போது சந்தேகம் கிளாக்கின் விளிம்பு மேல்தான். மெதுவாக ஏறும் சைன் அலையை நேராகக் கொடுத்தால், நடுநிலையைத் தாண்டும்போது சிறு இரைச்சலே ஒன்றுக்கு இரண்டாக எண்ண வைத்துவிடும். வகுஎண் குறைந்து வெளியீட்டு அதிர்வெண் ஏறும். எச்சி குடும்பத்துக்கு 4.5 வோல்ட்டில் விளிம்பு 500 நானோசெகண்டுக்குள் ஏறி முடிய வேண்டும். நடுவே 74எச்சி14 போன்ற ஷ்மிட் ட்ரிகர் ஒன்றைப் போடுங்கள். ஐசியின் சப்ளைப் பின்னை ஒட்டி 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் எதுவானாலும் எப்போதாவது ஒரு சுற்று தவறுகிறது, ஸ்கோப் ப்ரோபை வைத்தால் நடத்தையே மாறுகிறது என்றால், கிளாக்குக்குக் காத்திராத லோட் அல்லது கிளியர்தான் காரணம். பூஜ்யம் வந்ததும் லோட் தொடங்கும், லோட் தொடங்கியதும் பூஜ்யம் போய்விடும், பூஜ்யம் போனதும் லோட் நின்றுவிடும். சில நானோசெகண்ட் மட்டுமே இருக்கும் அந்தத் துடிப்பில் வேகமான பிட்கள் ஏற்றுக்கொள்ளும், மெதுவான ஒன்று தவறவிடும். 40103-இல் வயரை மாற்றாமல், அமைக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான்.

பிஎல்எல்: அதிர்வெண் 32 படிகளாகவே தாவுகிறது

பிஎல்எல் என்பது டிவைடரின் வெளியீட்டை ஒரு ரெஃபரன்ஸ் அதிர்வெண்ணோடு பூட்டி வைக்கும் சர்க்யூட். அதில் இரட்டை மாடுலஸ் ப்ரீஸ்கேலர் (டிவைடருக்கு முன்னால் நின்று, இரண்டு எண்களில் ஒன்றால் வகுப்பது) உள்ள சின்தசைசரில் வகுஎண் = 32 × பி + ஏ என்பது போலக் கணக்கு (32/33 ப்ரீஸ்கேலருக்கு; பி, ஏ நாம் அமைக்கும் எண்கள்). 2345 வேண்டுமானால் பி 73, ஏ 9. ஏ-ஐ ஒன்று கூட்டினால் அதிர்வெண் அசையவில்லை, பி-ஐ மாற்றினால் மட்டும் 32 படி தாவுகிறது என்றால் ப்ரீஸ்கேலருக்குப் போகும் மாடுலஸ் கன்ட்ரோல் கம்பி வேலை செய்யவில்லை. ஏ-ஐ ஒன்று கூட்டினால் அதிர்வெண் ஒரு படி இறங்குகிறதா? அந்தக் கம்பி தலைகீழ். 33-ஆல் வகுக்க வேண்டிய நேரத்தில் 32-ஆல் வகுக்கிறது.

சில வகுஎண்கள் மட்டும் கிடைக்கவில்லை என்றால் பி, ஏ-ஐவிடச் சிறியதா என்று பாருங்கள். பி எப்போதும் ஏ-க்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். அதனால் 32/33-இல் இடைவெளியில்லாமல் எல்லா எண்களும் கிடைப்பது 32 × 31 = 992-இலிருந்துதான்; 64/65-இல் 4032. கீழே போக வேண்டுமானால் சிறிய ப்ரீஸ்கேலர். ஏடிஎஃப்4351 என்ற சின்தசைசர் ஐசியிலும் ப்ரீஸ்கேலரைப் பொறுத்து எல்லை உண்டு: 4/5 வைத்தால் முழு எண் பகுதி 23-க்கும், 8/9 வைத்தால் 75-க்கும் குறையக் கூடாது.

அந்த ஐசியில் எண்ணை மாற்றியும் எதுவும் நடக்கவில்லை என்றால் ரெஜிஸ்டர்களை எழுதும் வரிசையைப் பாருங்கள். 5-இல் தொடங்கி 0-வில் முடிக்க வேண்டும். 0-வை எழுதினால்தான் விசிஓ (வோல்டேஜால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்) புதிய பட்டையைத் தேடும். அதிர்வெண் சரியாக இரண்டின் அடுக்கால் தவறினால் ரெஃபரன்ஸின் டபுளர், 2-ஆல் வகுக்கும் பிட், ஃபீட்பேக்கை வெளியீட்டு டிவைடருக்கு முன்னால் எடுக்கிறீர்களா பின்னால் எடுக்கிறீர்களா என்ற பிட் ஆகியவற்றைச் சரிபாருங்கள். மக்ஸ்அவுட் பின்னில் டிவைடரின் வெளியீட்டையே கொண்டுவந்து, ரெஃபரன்ஸ் பக்கத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒரே அதிர்வெண் என்றால் லூப் பூட்டியாகிவிட்டது. தவறு உங்கள் கணக்கில் அல்லது எழுதிய எண்ணில்.

உள்ளீடே இல்லாமல் ப்ரீஸ்கேலர் வெளியீட்டில் ஏதோ அதிர்வெண் வருகிறது என்று பதற வேண்டாம். சிக்னல் இல்லாதபோது தானே அலைவது பல ப்ரீஸ்கேலர்களின் சுபாவம்; போதுமான சிக்னல் வந்ததும் நின்றுவிடும்.

ஓடும்போது எண்ணை மாற்றினால் ஒரு நீண்ட இடைவெளி

மைக்ரோகன்ட்ரோலர் டைமரை டிவைடராகப் பயன்படுத்துவோர் பார்ப்பது. ஏடிமெகா328பி-இன் சிடிசி மோடில் (ஒப்பிடும் எண்ணை எட்டியதும் கவுன்டர் பூஜ்யமாகும் மோட்) கவுன்டர் 200-இல் இருக்கும்போது ஒப்பிடும் எண்ணை 100 ஆக்கினால், 100 ஏற்கெனவே கடந்துவிட்டது. 16 பிட் டைமர் 65,535 வரை போய்ச் சுற்றி வந்துதான் பிடிக்கும். எண்ணை எழுதும்போது கவுன்டரையும் பூஜ்யமாக்குங்கள், அல்லது சுற்று முடியும்போது மட்டும் புது எண்ணை ஏற்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். எஸ்டிஎம்32-இல் அதற்கு ஆட்டோ-ரீலோட் ப்ரீலோட் பிட் இருக்கிறது. அங்கே ப்ரீஸ்கேலருக்கும் ஒன்று, ரீலோட் எண்ணுக்கும் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒன்று கூடும். 1000-ஆல் வகுக்க 9, 99 என்று எழுத வேண்டும். வெளியீட்டுப் பின்னை ஒவ்வொரு சுற்றிலும் புரட்டினால் இன்னொரு 2 சேரும்.